ஆசிரியரை யார் பார்ப்பது? ஜாவாவின் இஸ்லாமிய விடுதிப் பாடசாலைகள் வழியாக ஒரு வரலாற்றுப் பார்வை



இந்தோனேசியா என்றதும் நம்மவரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம்தான். ஈழத்தமிழர் 250 பேருக்கு மேல் ஏறி வந்த படகு ஒன்று, ஜாவாத் தீவின் மேராக் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்றதை நாம் எல்லோரும் செய்திகளில் பார்த்தோம். அதற்கு மேல் அந்தத் தீவைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இந்த மாதப் பேச்சில் அதே ஜாவாவின் இன்னொரு பக்கத்தைப் பார்க்கப் போகிறோம். அங்குள்ள இஸ்லாமிய விடுதிப் பாடசாலைகளில், ஆசிரியரின் வேலையை யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள், அதைப் பற்றி எவ்வளவு வெளிப்படையாகப் பேசினார்கள் என்பதே இன்றைய விடயம்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மாதா, பிதா, குரு என்ற வரிசையில் வளர்ந்தவர்கள் நாம். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவரைப் போய்க் கேள்வி கேட்பதா என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. நம்மைவிடவும் கூடுதலாக ஆசிரியரை மதிக்கும் ஒரு சமூகம், அந்த மதிப்பைக் குலைக்காமல் ஆசிரியரின் வேலையைப் பார்ப்பதற்கு வழி கண்டிருக்கிறது. அந்த வழி போதாமல் போன இடமும் அதே வரலாற்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயன்.

பெசந்த்ரென் என்னும் ஊர்ப்பள்ளி

இந்தப் பாடசாலைகளுக்குப் பெசந்த்ரென் என்று பெயர். தங்கிப் படிக்கும் மாணவரைச் சந்த்ரி என்பார்கள். சந்த்ரிகள் இருக்கும் இடம் பெசந்த்ரென். இந்தச் சொல்லின் வேர் தமிழ் என்று ஏ. எச். ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கருதினார். ஓதிக் கொடுக்கும் ஆசிரியரைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது அவர் கருத்து. சி. சி. பெர்க் என்பவரோ சாஸ்திரி என்ற வடமொழிச் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்தினார். ஆய்வாளர்களிடையே இதில் ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் மலாய் மொழியில் மார்க்கம் படித்த பெரியவரைக் குறிக்கும் 'லெபாய்' என்ற சொல், நம்முடைய லெப்பை என்ற சொல்லிலிருந்து போனதாகவே பொதுவாகக் கொள்கிறார்கள். கடல் கடந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள் சரக்கோடு சொற்களையும் ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

பெசந்த்ரெனை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஸமக்ஷரி தோஃபியர். 1982இல் வெளிவந்த அவருடைய நூல் ஒரு பெசந்த்ரெனுக்கு ஐந்து அங்கங்களைச் சொல்கிறது. மாணவர் தங்கும் விடுதி, பள்ளிவாசல், மாணவர்கள், பழைய அரபு நூல்கள், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் கியாய் எனப்படும் பெரிய ஆசிரியர். கியாயின் வீடும் அதே வளவுக்குள்தான் இருக்கும். பெரும்பாலும் நிலமும் அவருடையதே. ஊர் மக்கள் கலியாணம் பேசவும், காணிச் சண்டை தீர்க்கவும் அவரிடமே வருவார்கள். அவருக்குப் பின் அவருடைய மகனோ மருமகனோ அந்த இடத்துக்கு வருவதே வழக்கம்.

அப்படிப்பட்ட ஒருவரை யார் மேற்பார்வை செய்வது? மாணவர் படிக்கும் நூல்களில் ஒன்று அல்-ஸர்னூஜி எழுதிய 'தஃலீமுல் முதஅல்லிம்'. நூற்றுக்கணக்கான வருடங்களாக ஓதப்படும் நூல் இது. ஆசிரியருக்கு முன்னால் நடக்கக் கூடாது, அவர் இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது போன்ற ஒழுங்குகளை அது சொல்லிக் கொடுக்கிறது. இதைப் படித்து வளர்ந்த பிள்ளை ஆசிரியரின் பிழையை வாய் திறந்து சொல்வான் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனாலும் பழைய பெசந்த்ரெனில் பேச்சுக்கு இடமே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. அங்கே படிப்பிக்கும் முறைகள் இரண்டு. ஒன்று பண்டொங்கான். கியாய் நடுவில் இருந்து நூலை வாசித்துப் பொருள் சொல்வார். மாணவர்கள் சுற்றியிருந்து, வரிகளுக்கு இடையில் ஜாவா மொழியில் பொருளை அரபு எழுத்தில் சிறிதாக எழுதிக்கொள்வார்கள். இதில் ஆசிரியரே பேசுவார். மற்றது சொரோகான். மாணவர் ஒவ்வொருவராக ஆசிரியர் முன் போய்த் தானே வாசித்துக் காட்ட வேண்டும். பிழையை ஆசிரியர் அந்த இடத்திலேயே திருத்துவார்.

இவற்றோடு மாணவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் முஷாவரா என்னும் கூட்டமும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் மஷூரா என்று சொல்வார்களே, அதே அரபு வேர்தான். ஒரு சட்டப் பிரச்சினையை எடுத்து, எந்த நூலில் என்ன இருக்கிறது என்று மணிக்கணக்காக வாதாடுவார்கள். கெதிரியில் 1910இல் தொடங்கிய லிர்போயோ பெசந்த்ரென் இதற்குப் பெயர் போனது. விடுதி நிர்வாகத்துக்கு மூத்த மாணவர் ஒருவர் பொறுப்பாக இருப்பார். அவரை 'லூரா' என்பார்கள். ஊர்த் தலைவர் என்று பொருள். ஆக, நூலைப் பற்றி வாதாடலாம், விடுதியை மாணவரே நடத்தலாம். ஆசிரியரின் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் ஒழுங்கான இடம் ஒன்று இருக்கவில்லை.

ஒல்லாந்தரின் கண்

அந்த வெற்றிடத்துக்குள் முதலில் வந்தது வெளியார் கண்காணிப்பு. யாழ்ப்பாணத்தை 1658 முதல் ஆண்ட அதே ஒல்லாந்தர்தான் ஜாவாவையும் ஆண்டார்கள். இலங்கையை விட்டுப் போன பிறகும் அங்கே அவர்கள் ஆட்சி நூற்றைம்பது வருடங்கள் அளவில் நீடித்தது. 1888இல் மேற்கு ஜாவாவின் பந்தென் பகுதியில் விவசாயிகள் கிளர்ச்சி செய்தார்கள். முன்னின்றவர்களில் மார்க்க ஆசிரியர்களும் இருந்தார்கள். அதன் பிறகு ஓதிக் கொடுக்கும் ஒவ்வொருவர் மீதும் அரசுக்குச் சந்தேகம் வந்தது.

1905இல் 'குரு ஓர்டினன்ஸ்' என்ற சட்டம் வந்தது. குரு என்ற நம் ஊர்ச் சொல்லையே ஒல்லாந்தர் சட்டத்தின் பெயரில் வைத்திருந்தார்கள். ஜாவாவிலும் மதுராவிலும் இஸ்லாமிய மார்க்கம் கற்பிக்க விரும்புபவர் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். யார் யார் படிக்கிறார்கள், என்ன படிப்பிக்கிறார் என்ற பதிவையும் வைத்திருக்க வேண்டும். 1925இல் இது சற்றுத் தளர்ந்தது. அனுமதி வேண்டாம், அறிவித்தால் போதும் என்றானது. ஆனால் சட்டத்தை ஜாவாவுக்கு வெளியேயும் விரித்தார்கள். மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் 1928இல் புக்கிட்டிங்கியில் பெரும் மாநாடு கூட்டி எதிர்த்தார்கள். அங்கே அரசால் அதை நடைமுறைப்படுத்த முடியவில்லை.

1932இல் இன்னொரு சட்டம் வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பாடசாலைகளை 'காட்டுப் பாடசாலைகள்' என்று அழைத்து, அவற்றின் ஆசிரியர்கள் அனுமதி பெற வேண்டும் என்றது. தாமன் சிஸ்வா என்ற சுதேசிப் பாடசாலை இயக்கத்தை நடத்திய கி ஹஜார் தேவந்தாரா, இதை எதிர்ப்போம் என்று ஆளுநர் நாயகத்துக்குத் தந்தி அடித்தார். சமயப் பிரிவு பாராமல் இயக்கங்கள் அவரோடு சேர்ந்துகொண்டன. 1933இல் அரசு பின்வாங்கியது.

நம் ஊரில் வித்தியாதரிசி வருகிறார் என்றால் பாடசாலையே நடுங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் வித்தியாதரிசி பிள்ளை எப்படி வாசிக்கிறது, கணக்குச் செய்கிறது என்றாவது பார்த்தார். ஒல்லாந்தரின் குரு சட்டத்துக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை. ஆசிரியர் என்ன பேசுகிறார் என்பதில்தான் அக்கறை. இதனால் ஒரு தீமை நேர்ந்தது. மேற்பார்வை என்றாலே உளவு பார்ப்பது என்ற எண்ணம் கியாய்மாரிடம் வேரூன்றியது. வெளியிலிருந்து யாராவது கேள்வி கேட்டால் வாசலை மூடிக்கொள்வது தற்காப்பாகியது. ஆட்சியாளருக்குப் பயந்து வாழ்ந்த எந்தச் சமூகத்துக்கும் இந்தப் பழக்கம் விளங்கும். நமக்கும் விளங்கும்.

உள்ளேயிருந்து வந்த மாற்றம்

அதே காலத்தில் சில கியாய்மார் தாங்களே மாற்றத்தைத் தொடங்கினார்கள். கிழக்கு ஜாவாவின் ஜொம்பாங்கில் ஹாஷிம் அஷ்அரி 1899இல் தொடங்கிய தெபுஇரெங் பெசந்த்ரென் அவற்றில் ஒன்று. அங்கே 1916இல் வகுப்பு முறை வந்தது. சில வருடங்களில் கணக்கும் பூமிசாஸ்திரமும் பாடங்களாயின. அவருடைய மகன் வஹித் ஹாஷிம் 1930களின் நடுவில் பொதுப்பாடங்களுக்குப் பெரும் இடம் கொடுத்து ஒரு புதிய பிரிவை நடத்தினார். இந்த வஹித் ஹாஷிம் சுதந்திர இந்தோனேசியாவின் மதவிவகார அமைச்சராக இருந்தவர். அவருடைய மகன் அப்துர்ரஹ்மான் வஹித் 1999 முதல் 2001 வரை நாட்டின் ஜனாதிபதியாக இருந்தார். சுமாத்திராவின் பாடாங் பஞ்சாங்கில் ரஹ்மா எல் யூனுஸியா என்ற பெண்மணி 1923இல் பெண்களுக்கென்றே ஒரு மார்க்கப் பாடசாலையைத் தொடங்கினார்.

வகுப்பு முறை வந்தபோது ஒரு புதிய பிரச்சினையும் வந்தது. ஒரு கியாய், ஒரு வட்டம் என்று இருந்தபோது ஆசிரியர் ஒருவரே. ஆறு வகுப்பு, இருபது பாடம் என்றால் பல ஆசிரியர்கள் வேண்டும். கியாயின் பெயருக்காக வந்த பிள்ளை, நாள் முழுக்க வேறு ஆசிரியரிடம் இருப்பான். அந்த ஆசிரியர்களின் வேலையை யாராவது பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கேள்விக்கு விரிவான விடை தந்த இடம் கொந்தோர்.

கொந்தோரின் வியாழக்கிழமைகள்

கொந்தோர் என்பது கிழக்கு ஜாவாவின் பொனொரொகோ பகுதியில் உள்ள ஒரு கிராமம். அங்கே பழைய பெசந்த்ரென் ஒன்று இருந்து நலிந்து போயிற்று. அந்தக் குடும்பத்தின் சகோதரர் மூவர், அஹ்மத் சஹல், ஸைனுத்தீன் ஃபனானி, இமாம் ஸர்கஷி, 1926இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். எகிப்தின் அல்-அஸ்ஹர், மொரிட்டானியாவின் ஷிங்கீத், இந்தியாவின் அலிகார், தாகூரின் சாந்திநிகேதன் ஆகிய நான்கு இடங்களையும் தங்கள் முன்மாதிரிகளாகச் சொன்னார்கள். ஒரு இஸ்லாமியப் பாடசாலை சாந்திநிகேதனை முன்மாதிரி என்று சொன்னது கவனிக்க வேண்டிய விடயம்.

இளையவரான இமாம் ஸர்கஷி சுமாத்திராவில் படித்து, அங்கே ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை ஒன்றையும் நடத்திவிட்டுத் திரும்பி வந்தார். 1936 டிசெம்பரில் ஆறு வருடப் பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயரே ஆசிரியர் கலாசாலை என்று பொருள்படும். அதாவது அங்கே சேரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாள் ஆசிரியராகப் போகிறவன் என்றே வைத்துப் படிப்பித்தார்கள். படித்து முடித்தவர்கள் குறைந்தது ஒரு வருடம் கற்பித்துச் சேவை செய்ய வேண்டும் என்பதும் ஒழுங்காயிற்று. ஆகவே வகுப்புகளில் நிற்கும் ஆசிரியர்களில் பலர் பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள். நேற்று வரை மாணவர், இன்று ஆசிரியர். அனுபவம் இல்லாத அவர்களைத் தனியே விட முடியாது. இந்தத் தேவையிலிருந்துதான் அவர்களுடைய மேற்பார்வை முறை வளர்ந்தது.

அதன் முதற்படி பாடக்குறிப்பு. இதை அரபியில் இஃதாத் என்கிறார்கள். வகுப்புக்குப் போகுமுன் ஆசிரியர் அன்றைய பாடத்தை எழுத வேண்டும். எதில் தொடங்குவது, என்ன கேள்விகள் கேட்பது, எதைப் பலகையில் எழுதுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். மூத்த ஆசிரியர் ஒருவர் அதை வாசித்து, திருத்தி, கையொப்பம் வைத்த பிறகே வகுப்புக்குப் போகலாம். பாடம் நடக்கும்போது மூத்தவர்கள் வகுப்புகளைச் சுற்றி வருவார்கள்.

இரண்டாவது படி, இறுதி வகுப்பு மாணவர்களுக்கான கற்பித்தல் பயிற்சி. ஒரு மாணவன் கீழ் வகுப்பு ஒன்றில் பாடம் நடத்துவான். பின்னால் அவனுடைய சக மாணவர்களும் பொறுப்பாசிரியரும் கொப்பியும் பேனையுமாக இருப்பார்கள். பாடம் முடிந்ததும் எல்லோரும் கூடுவார்கள். இந்தக் கூட்டத்துக்கு 'நக்த்' என்று பெயர். விமர்சனம் என்று பொருள். சொல்லில் பிழை எங்கே, விளக்கத்தில் பிழை எங்கே, பலகை எழுத்து எப்படி, பின்வாங்கிலில் இருந்த பிள்ளையைக் கவனித்தானா என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். விமர்சிக்கப்படுபவன் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் விமர்சித்தவன் பாடம் நடத்துவான், இவன் பின்னால் இருந்து குறிப்பு எடுப்பான்.

மூன்றாவது, வியாழக்கிழமைக் கூட்டம். கொந்தோரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வியாழன்தான் கிழமையின் கடைசி நாள். அன்று ஆசிரியர்கள் எல்லோரும் தலைமையோடு கூடி, முடிந்த கிழமையைப் பற்றிப் பேசி, அடுத்த கிழமைக்குத் திட்டமிடுவார்கள். கிழமைக்கு ஒருமுறை, தவறாமல். ஒரு மனக்குறை ஏழு நாளைக்கு மேல் பேசப்படாமல் கிடக்க வேண்டியதில்லை.

இந்த முறையில் மரியாதை என்ன ஆயிற்று? மரியாதை போகவில்லை. விமர்சனம் பாடத்தின் மீது வந்தது, ஆளின் மீது வரவில்லை. எல்லோருக்கும் முறை வைத்து வந்ததால் யாருக்கும் தனியே அவமானமாகவில்லை. ஒல்லாந்தரின் சட்டம் மேலிருந்து ஒருவர் பார்ப்பதாக இருந்தது. இங்கே மூத்தவர் இளையவரைப் பார்த்தார், இளையவர் தமக்குள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சொத்தை விட்டுக்கொடுத்த நாள், மாணவர் கிளர்ந்த நாள்

கீழே இருப்பவர்களைப் பார்க்க ஒழுங்கு இருந்தது. மேலே இருப்பவர்களை? இதற்கும் நிறுவனர் மூவரும் ஒரு பதில் வைத்தார்கள். 1958 ஒக்டோபர் 12இல் பாடசாலையையும் அதன் நிலத்தையும் வக்ஃப் ஆக்கினார்கள். அதாவது பொதுத் தர்மச் சொத்தாக எழுதிக் கொடுத்தார்கள். பழைய மாணவர்கள் 15 பேர் கொண்ட சபையிடம் அதை ஒப்படைத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை இல்லை என்றார்கள். தலைமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதே வழக்கமாக இருந்த ஜாவாவில் இது பெரிய முடிவு. தலைவர்களை நியமிக்கும் அதிகாரமும் அந்தச் சபைக்கே. நம் கோயில்களிலும் சங்கங்களிலும் தலைமைக்காக நடக்கும் இழுபறிகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இருந்தும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1965, 66இல் இந்தோனேசியாவே இரத்தத்தில் மூழ்கியது. இளைஞர் கூட்டங்கள் நாடெங்கும் தெருவில் நின்றன. அந்தக் கொந்தளிப்பு அடங்காத காலத்தில், 1967 மார்ச் 19இல், கொந்தோர் மாணவர்கள் தலைமைக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். தலைமை பாடசாலையை மூடி, மாணவர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. பிறகு தெரிவு செய்து அழைத்தவர்களோடுதான் மீண்டும் திறந்தது. கொந்தோர் இதைத் தன் வரலாற்றின் பெரிய சோதனைகளில் ஒன்றாகச் சொல்லும். பாடத்தைப் பற்றி விமர்சிக்க முறை இருந்த அந்த இடத்தில், தலைமையைப் பற்றிய மனக்குறை சொல்வதற்கு அதே அளவு முறை இருந்ததா என்ற கேள்வியை இந்தச் சம்பவம் எழுப்புகிறது.

வாசல் மூடியபோது

இனி, சொல்லக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். 2022 ஓகஸ்ட் 22இல் கொந்தோரில் 17 வயது மாணவன் ஒருவன் இறந்து போனான். முகாம் ஒன்றில் களைத்து விழுந்து இறந்ததாகவே பெற்றோருக்கு முதலில் சொல்லப்பட்டது. தாய் அதை ஏற்கவில்லை. பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். செப்டெம்பர் தொடக்கத்தில் செய்தி நாடெங்கும் பரவியது. அதன் பிறகே, மாணவன் தாக்கப்பட்டதாகச் சந்தேகம் இருப்பதை நிறுவனம் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முகாம் பொருட்கள் குறைந்தது பற்றிய விசாரணையில் மூத்த மாணவர்கள் தாக்கினார்கள் என்று பொலிசார் கூறினார்கள். இரண்டு பேரைச் சந்தேக நபர்களாக அறிவித்தார்கள்.

ஆசிரியர் மேற்பார்வைக்கு முன்மாதிரி என்று சொன்ன அதே இடத்தில் இது எப்படி நடந்தது? நடந்த இடத்தைக் கவனியுங்கள். வகுப்பறையில் அல்ல, விடுதி வாழ்க்கையில். பாடக்குறிப்பும் நக்த் கூட்டமும் வகுப்பைப் பார்த்தன. விடுதியின் அன்றாட ஒழுங்கு மூத்த மாணவர் சங்கத்தின் கையில் இருந்தது. சுயமாக நிற்கப் பழக்குவது என்ற நல்ல நோக்கத்தோடு கொடுத்த பொறுப்புத்தான். ஆனால் ஒரு மூத்த மாணவன் இளையவனைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது, பின்னால் கொப்பியோடு யாரும் இருக்கவில்லை. பிறகு, வீட்டுக்குப் போன செய்தி உண்மையாக இருக்கவில்லை. உள்ளே எவ்வளவு பேசினாலும், பெற்றோரிடம் போகும் கதவு மூடியிருந்தால் அது வெளிப்படையான பேச்சு ஆகாது.

வேறொரு வழக்கையும் சொல்ல வேண்டும். மேற்கு ஜாவாவின் பண்டுங்கில் 2021இல் வெளிவந்தது. விடுதிப் பாடசாலை ஒன்றை நடத்திய ஆசிரியர், அங்கே படித்த 13 மாணவிகளைப் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கியிருந்தார். வருடக்கணக்கில் நடந்திருக்கிறது. 2022 பெப்ரவரியில் ஆயுள் தண்டனையும், ஏப்ரலில் மேல்நீதிமன்றத்தில் மரணதண்டனையும் விதிக்கப்பட்டன. அந்த இடத்தை நடத்தியவரும் அவரே, கற்பித்தவரும் அவரே. பிள்ளை முறையிடுவதானால் அவரிடமே முறையிட வேண்டும். பெற்றோர் தூரத்தில் இருந்த ஏழைகள். ஆசிரியரின் மேல் வைத்த மதிப்பே பிள்ளைகளின் வாயை அடைத்தது.

இந்த இரண்டையும் காட்டி எல்லாப் பெசந்த்ரென்களையும் பழிப்பது நியாயமில்லை. நாட்டில் 39,000 அளவில் இவை இருக்கின்றன, 40 இலட்சம் அளவில் மாணவர் படிக்கிறார்கள் என்பது மதவிவகார அமைச்சின் 2022, 23 காலக் கணக்கு. கத்தோலிக்க விடுதிகளிலும், ஆங்கில நாடுகளின் பெயர் பெற்ற விடுதிப் பாடசாலைகளிலும், கனடாவின் ஆதிக்குடிப் பிள்ளைகளை அடைத்து வைத்த பாடசாலைகளிலும் இதே மௌனம் இருந்ததை நாம் அறிவோம். எந்த மதமானாலும் தீங்குக்கு வழி திறப்பவை மூன்று: பிள்ளை வீட்டைவிட்டுத் தூரத்தில் இருப்பது, அதிகாரம் ஒருவர் கையில் இருப்பது, முறையிட வேறு இடம் இல்லாதது.

சட்டம் என்ன செய்தது

2019இல் இந்தோனேசியா பெசந்த்ரென்களுக்கென்று 18ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. 1905ஐ மறக்காத கியாய்மார் அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து தங்களை மதிப்பிடுவதை விரும்பமாட்டார்கள். சட்டம் அதற்கு ஒரு நடுவழியை வைத்தது. ஒவ்வொரு பெசந்த்ரெனுக்குள்ளும் மூத்த ஆசிரியர் சபை ஒன்று தரத்தைப் பார்க்க வேண்டும். வெளியே நாடு தழுவிய சபை ஒன்று, அதிலும் பெசந்த்ரென் உலகத்தைச் சேர்ந்த அறிஞர்களே இருந்து தரத்துக்கான அளவுகோலை வகுக்க வேண்டும். இந்தச் சபை 2021 கடைசியில் அமைந்தது. ஆசிரியரை ஆசிரியரே கூடிப் பார்க்கும் கொந்தோர் வழக்கத்துக்கு நெருங்கிய எண்ணம் இது.

ஆனால் தரம் பார்ப்பது வேறு, பிள்ளையைக் காப்பது வேறு. 2022 ஒக்டோபரில் மதவிவகார அமைச்சு தன் கீழுள்ள கல்வி நிலையங்களுக்கு 73ஆம் இலக்க ஒழுங்குவிதியை வெளியிட்டது. பாலியல் வன்முறையைத் தடுப்பது, முறைப்பாட்டை எப்படி ஏற்பது, பாதிக்கப்பட்டவரை எப்படிக் காப்பது என்று அது சொல்கிறது. ஒழுங்குவிதி வந்த பிறகும் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. கிராமத்துப் பிள்ளை ஒன்று முறைப்பாடு எழுதுமளவுக்கு மனத்துணிவு வருவதற்கு ஒரு தாளில் அச்சிட்ட விதி மட்டும் போதாது. தாயும் தகப்பனும் தன்னை நம்புவார்கள் என்ற உறுதி அதற்கு வேண்டும்.

நம் பக்கம்

நாம் நம் பிள்ளைகளை ஜாவாவுக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பாடசாலைக்கும், சங்கீத, நடன வகுப்புகளுக்கும், கோயில் வகுப்புக்கும், குர்ஆன் ஓதும் வகுப்புக்கும், மறைக்கல்விக்கும் அனுப்புகிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுக்கும் தொண்டர்கள். சம்பளம் இல்லாமல் மொழியைக் காப்பாற்றும் அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதனாலேயே அவர்களிடம் ஒன்றும் கேட்கக் கூசுகிறோம். அகதியாக வந்த நாட்டில் நம்மவரைப் பற்றி நாமே குறை சொல்வதா, வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் கியாய்மார் வாசலைச் சாத்தியதும் இதே மனநிலையில்தான்.

கொந்தோரிடமிருந்து நம் பாடசாலைகள் எடுத்துக்கொள்ளக் கூடியது உண்டு. புதிதாகப் படிப்பிக்க வரும் பல்கலைக்கழகப் பிள்ளையின் பாடக்குறிப்பை மூத்த ஆசிரியை ஒருவர் முதல் நாளே பார்த்துக் கொடுக்கலாம். தவணைக்கு ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்னால் இருந்து கேட்கலாம். அதிபரின் வகுப்பிலும் அப்படி இருக்கலாம், அங்கிருந்து தொடங்கினால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும். பாடசாலை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, அன்று எது சரிவரவில்லை என்று பேசலாம். இவை எதற்கும் பணம் வேண்டாம்.

கொந்தோர் பட்ட துயரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. வகுப்பறைக்கு வெளியே, ஒத்திகையில், முகாமில், காரில் ஏற்றி இறக்கும்போது பிள்ளை யாரோடு இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முறைப்பாட்டைக் கேட்பவர், முறைப்பாட்டுக்கு உள்ளானவராகவோ அவருடைய உறவினராகவோ இருக்கக் கூடாது. பெற்றோர் கூட்டத்தில் அவர் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்குக் காயம் பட்டால், அன்றைக்கே, நடந்தது நடந்தபடி, வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பாரதூரமான விடயமானால் நாம் வாழும் நாட்டின் பொலிசுக்கும் பிள்ளைகள் நலப் பகுதிக்கும் போக வேண்டும். சங்கத்துக்குள் பேசித் தீர்க்கும் விடயம் அல்ல அது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வகுப்பால் வரும் பிள்ளையிடம் "என்ன படித்தாய்?" என்று மட்டும் கேட்காமல், "இன்றைக்கு வகுப்பு எப்படி இருந்தது, யாரோடு இருந்தாய்?" என்றும் கேளுங்கள். பிள்ளை ஆசிரியரைப் பற்றி ஏதாவது சொன்னால் உடனே வாயை அடைக்காதீர்கள். முழுக்கச் சொல்ல விடுங்கள். பொனொரொகோவில் மகனை இழந்த அந்தத் தாய் ஒரு பெரிய, மதிப்புள்ள நிறுவனத்தின் முன் தனியே நின்று, சொன்னதை ஏற்க மாட்டேன் என்றார். அவர் கேட்டதால்தான் உண்மை வெளியே வந்தது.

மீண்டும் அடுத்த மாதப் பேச்சில் சந்திப்போம்.